ஐஸ் பெட்டிக்கு ஒரு பில்

ஜூன் 25, ஞாயிறு

அம்மா தூங்கிவிட்டாள். சேர் அடுக்கியிருக்கும் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நோட்டைக் கடைசி அடுக்கில், கால் உடைந்த சேர்களுக்கு நடுவில் செருகிவிடுவேன். உடைந்ததை யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

இன்று எங்கள் பொன்மலர் நகர் நலச் சங்கத்தில் பொதுக்கூட்டம். எங்கள் என்று எழுதிவிட்டேன். நாங்கள் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. அம்மா இங்கே வேலை பார்க்கிறாள். சங்கத்துக்குச் சொந்தமான சேர், பந்தல் சாமான், பெரிய பாத்திரங்கள், இறந்தவரைக் கிடத்தும் ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் விசேஷ வீடுகளுக்கும் துக்க வீடுகளுக்கும் எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் துடைத்து வைக்கிறாள். அதற்குச் சம்பளமும் சங்கக் கட்டடத்தின் பின்னால் ஓர் அறையும். அந்த அறைதான் எங்கள் வீடு.

புதிய பொருளாளராக ஞானசெல்வம் மேடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மின்வாரியத்தில் வருவாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுந்து, "இதுவரைக்கும் யாருக்கும் பில்லே போடலையாமே. யாரு எடுத்தா, யாரு குடுத்தா, ஒன்னும் தெரியல. இனி ஒரு சேர் வெளிய போனாலும் பில் உண்டு" என்றார்.

பின்வரிசையில் ஒருவர், "கட்டலைன்னா பியூசப் பிடுங்கிருவியளா மேடம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். பிறகு இரண்டு விஷயம் சொன்னார். பழைய பாக்கி உள்ளவர்கள் பெயரைக் கேட் பக்கத்துப் பலகையில் எழுதிப் போடுவாராம். பாக்கி வைத்திருக்கும் யாரும் சங்கத்தில் பொறுப்பிலோ வேலையிலோ இருக்கக் கூடாதாம்.

அம்மா டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். தட்டு ஆடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதத்தில் அப்பா இறந்தபோது ஐஸ் பெட்டி, சேர், பந்தல், டியூப் லைட் எல்லாம் இங்கேயிருந்துதான் வந்தன. நாங்கள் பணம் கொடுக்கவில்லை. சங்கத் தலைவர் மாமா அன்றைக்கு அம்மாவிடம், "அதெல்லாம் பாத்துக்கிடலாம் வடிவு. நாங்க இல்லையா" என்று சொன்னார். இந்த வேலையும் அவர் வாங்கித் தந்ததுதான்.

பலகையில் அப்பா பெயரை எழுதினால் பள்ளிக்கூட பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள். எங்களை இந்த அறையை விட்டுப் போகச் சொன்னால் எங்கே போவது என்று தெரியவில்லை.

ஜூன் 27, செவ்வாய்

அறிவியல் தேர்வு. சுமாராக எழுதினேன்.

சாயங்காலம் தலைவர் மாமாவின் மனைவி பார்வதி அத்தை போன் பண்ணினாள். "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன் வடிவு, ஊருலேர்ந்து ஆள் வந்திருக்கு." அம்மா போய்விட்டு எட்டரைக்கு வந்தாள். குழம்பு கொடுத்துவிட்டிருந்தார்கள். அம்மா விரல் நுனியில் எல்லாம் வெடிப்பு. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தாள்.

தலைவர் மாமா நல்லவர்.

ஜூலை 1, சனி

இன்று லீவு. மேடம் காலையிலேயே வந்துவிட்டார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "முப்பிடாதி, நீ எழுது. உங்கம்மா சொல்லட்டும்" என்று பேப்பரைக் கொடுத்தார். கடைசி மூன்று வருஷத்தில் எந்த வீட்டுக்கு என்ன போனது, பணம் வந்ததா என்று அம்மா நினைவிலிருந்து சொல்ல வேண்டும்.

அம்மா சொன்னாள். சித்திரையில் கார்மேகம் வீட்டுக் கல்யாணம், சேரும் பாத்திரமும், பாதிப் பணம் வந்தது. வைகாசியில் சூசை சார் புதுவீட்டுப் பிரதிஷ்டை, பணம் வந்தது, ஒரு கரண்டி வரவில்லை. "அந்தக் கரண்டி இன்னும் அவுங்க வீட்லதான் இருக்கு மேடம், நான் பாத்தேன்" என்றாள். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனியில் இரண்டு வீடு சொன்னாள். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். வந்து உட்கார்ந்து, "ஆவணியில" என்று ஆரம்பித்தாள்.

என் பேனா நின்றுவிட்டது. மேடம் என்னைப் பார்த்தார். நான் ஆவணி என்று எழுதினேன்.

போன வருஷத்துக் கணக்கிலும் ஓரிடத்தில் அம்மா தாண்டினாள். தர்ஷினி சடங்கு. தர்ஷினி தலைவர் மாமாவின் மகள். என் வகுப்புதான். அவள் சடங்குக்குச் சங்கத்துச் சேர் எல்லாமே போனது. இரண்டு நாள் நானும் அம்மாவும் அங்கே பாத்திரம் கழுவினோம். தர்ஷினிக்கு நான் அங்கே இருந்தது தெரியாது. நான் புறவாசலில்தான் இருந்தேன்.

ஜூலை 5, புதன்

சிவகாசியிலிருந்து பில் புத்தகம் வந்துவிட்டது. இளநீலத் தாள், இரண்டு படி. மேலே சங்கத்தின் பெயரும் இரண்டு கைகள் குலுக்கும் படமும். அடியில் ஒரு வரி அச்சடித்திருந்தது. அதைப் பார்த்தேன். சொல்லலாமா என்று யோசித்தேன். மேடம் அட்டையைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தார். சொல்லவில்லை.

மேடம் நடைமுறைகளைச் சொல்ல, நான் எழுதி ஒட்டினேன். சாமான் திரும்பி வந்த மறுநாளே பில் போட வேண்டும். பில்லை வாசல் மணி அடித்து, முன்வாசலில் வைத்து, வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். இரண்டாம் படியில் கையெழுத்து வாங்க வேண்டும். ரசீது இல்லாமல் பணம் வாங்கக் கூடாது.

பலகையில் எழுத வேண்டிய பட்டியல் அடுத்த வாரமாம். அதையும் நான்தான் எழுத வேண்டுமாம்.

ஜூலை 8, சனி

அம்மா காலையிலிருந்து அத்தை வீட்டில். மாவு, வற்றல், பட்டாசாலைக் கூடத்தைக் கழுவுவது. நான் சோறு பொங்கினேன்.

ஜூலை 11, செவ்வாய்

மூன்றாம் தெருவில் லாரி செட் வைத்திருந்த பெரியவர் தவறிவிட்டார். ஐஸ் பெட்டி போயிருக்கிறது. அது கொட்டகையில் இல்லாத ராத்திரிகளில் எனக்குப் பயம் குறையும். இன்று குறையவில்லை.

ஜூலை 13, வியாழன்

பெட்டி நேற்றே வந்துவிட்டது. அம்மா டெட்டால் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். அதைத் துடைக்கும்போது மட்டும் அவள் யாரோடும் பேசுவதில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேடம் சொல்ல நான் பில் எழுதினேன். "ஒரு எட்டு குடுத்துட்டு வந்திரும்மா" என்றார். அம்மா அங்கே இல்லை, அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள்.

நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். இளைய மகன் பால்துரை மொட்டைத் தலையோடு வந்து வாங்கினார். படித்தார். என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போடவில்லை.

ஜூலை 14, வெள்ளி

தலைவர் மாமா வந்து கொட்டகை வாசலில் நின்றார். "சாவு வீட்டுக்குப் பில்லு கொண்டுபோய்க் குடுத்தது யாருட்டி?" என்று கேட்டார். நான் என்று சொன்னேன். அவர் கத்தவில்லை. "நல்லாருக்கு. ஞாயித்துக்கிழமை கமிட்டியில பேசிக்கிடுவோம்" என்று போய்விட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். பில்லில் அடியில் என்ன அச்சடித்திருந்தது என்பதையும் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்தாள். அப்புறம் நிறுத்திவிட்டு, "பாவம், அந்தப் பயலுக்கு எப்படி இருந்திருக்கும்" என்றாள்.

ஜூலை 15, சனி

சாப்பிடப் பிடிக்கவில்லை. துணிமணி எல்லாம் எத்தனை பைக்குள் அடங்கும் என்று பார்த்து வைத்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் கமிட்டி. வழக்கமாக ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். இன்று ஹால் நிறைந்துவிட்டது. பால்துரை அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு ஒளியத் தோன்றியது. டீ டம்ளர் கழுவுகிற சாக்கில் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. பில்லை விரித்து மேடத்தின் மேஜையில் வைத்தார்.

"துட்டு தரமாட்டோம்னு சொல்ல வரல மேடம். அப்பாவுக்குப் பதினாறு முடியட்டும், நானே கொண்டாந்து தாரேன். எங்க பக்கம் காரியம் முடியிறவரைக்கும் வீட்லேர்ந்து துட்டு வெளிய போகாது, கணக்கும் பாக்க மாட்டோம். அது உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். ஆனா இதச் சொல்லுங்க." அடியில் விரல் வைத்தார். "நன்றி, மீண்டும் வருகன்னு போட்டிருக்கு. ஐஸ் பெட்டிக்கு. எங்க வீட்ல இன்னும் எத்தன பேரு போகணும்?"

பின்வரிசையில் ஒருவருக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பால்துரை அண்ணனுக்கே சிரிப்பை அடக்கி உதடு துடித்தது.

மேடம் பில்லை எடுத்துக் கண்ணாடியைச் சரி செய்து படித்தார். முகம் சிவந்துவிட்டது. "பிரஸ்ல எல்லாருக்கும் போடுத மாதிரி போட்டுட்டாங்க. நான் அடி வரைக்கும் பாக்கல. தப்புதான் தம்பி. மன்னிச்சிருங்க. எங்க வீட்ல அடக்கம் முடிஞ்சு முப்பதாம் நாள்தான் ஜெபம், ஆனா பெட்டிக்காரருக்கு அடக்கத்தன்னைக்கே குடுத்துருவோம். எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சிட்டேன்."

அது அதோடு முடிந்திருக்கும். தலைவர் மாமா எழுந்தார்.

"இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன். சாவு வீட்டுக்குப் பில்லு குடுக்கது நம்ம வழக்கமே இல்ல. நான் தலைவரா இருந்த இத்தன வருஷத்துல யாருகிட்டயாவது பில்லு நீட்டியிருக்கனா? துட்டா பெருசு? மனுஷந்தான் பெருசு." அவர் கை எங்கள் பக்கம் நீண்டது. "அன்னா நிக்கா வடிவு. நயினார் செத்தப்ப பெட்டி, பந்தல், சேரு, லைட்டு எல்லாம் போச்சு. ஒரு பைசா கேட்டமா? கேளுங்க அவகிட்ட."

எல்லோரும் திரும்பினார்கள். பலகையில் எழுதியிருந்தால்கூட இத்தனை பேர் ஒரே நேரத்தில் படித்திருக்க மாட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. ஈரமாக இருந்தது.

அம்மா, "இல்ல அண்ணாச்சி, கேக்கல" என்றாள்.

"கேட்டுக்கிட்டியளா" என்று அவர் உட்காரப் போனார்.

"கேட்டிருக்கலாம் அண்ணாச்சி."

அவர் பாதி உட்கார்ந்தபடி நின்றார்.

"கேட்டிருந்தா குடுத்து முடிச்சிருப்பேன்" என்றாள் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். "எவ்வளவுன்னு தெரியாததால குடுத்துக்கிட்டே இருக்கேன். மைனி கூப்பிடுத நேரமெல்லாம் ரெண்டு வருஷமா வாரேன். எப்ப முடியும்னு யாருகிட்ட கேக்கதுன்னும் தெரியல. மேடம், எங்க வீட்டுக்கும் ஒரு பில்லு போட்ருங்க. அன்னைக்குக் கணக்குச் சொல்லும்போது நான் விட்டுட்டேன். வேணும்னேதான் விட்டேன். பலகையில அவுக பேர எழுதிருவியளோன்னு பயம். இந்தப் பிள்ள ராத்திரியெல்லாம் தூங்காம சேருக்குள்ள உக்காந்து எழுதிக்கிட்டிருக்கு."

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

தலைவர் மாமா, "அது ஒரு உரிமையில கூப்பிடுதது வடிவு. நம்ம வீடு மாதிரி" என்றார். அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

மேடம் பேனாவைத் திறந்தார். "விட்டுப்போனது அது ஒன்னுதானா வடிவு?"

என் தோளில் இருந்த அம்மாவின் கை இறுகியது. பால்துரை அண்ணன்தான் பேசினார். "தலைவர் வீட்டுச் சடங்குக்குச் சேரு எங்கேருந்து வந்துச்சு மாமா? நானும் வந்தேன். பிரியாணி நல்லாருந்துச்சு. சேருக்குப் பின்னாடி பொன்மலர் நகர் நலச் சங்கம்னு எழுதியிருந்துச்சே."

இந்தமுறை யாரும் இருமவில்லை. நேராகவே சிரித்தார்கள்.

தலைவர் மாமா, "போடுங்க, போடுங்க. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்" என்றார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசி நடைமுறையை மாற்றினார்கள். துக்க வீட்டுக்கு, அந்த வீட்டு வழக்கப்படி காரியம் முடிந்த மறுநாள்தான் பில். என்றைக்கு என்று பெட்டி எடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். சூசை சார் தங்கள் வழக்கப்படி ஒரு நாளைச் சொன்னார், பள்ளிவாசல் தெரு பாய் வேறு நாளைச் சொன்னார். எதையும் நாமாக முடிவு செய்யக் கூடாது என்று மேடம் எழுதிக்கொண்டார். ஆனால் பில் போடாமல் விடக் கூடாது, யாருக்கும். தள்ளுபடி செய்வதாக இருந்தால் அதையும் பில்லிலேயே எழுதித் தலைவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட வேண்டும். தவணை கேட்டால் தவணை உண்டு. தவணையில் கட்டுகிறவரைப் பாக்கிக்காரர் என்று சொல்லக் கூடாது. பலகை வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

பில் புத்தகத்தை வீணாக்க முடியாது. அடியில் உள்ள வரியை ஒவ்வொரு தாளாக அடித்துவிட வேண்டும். அந்த வேலை எனக்கு.

ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம், "நான் எழுதுதது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"உடைஞ்ச சேர மட்டும் ஒருத்தி தினமும் தூக்கித் தூக்கி வச்சா தெரியாதா? படிக்கல. பயப்படாத. எனக்கு உன் கையெழுத்து கண்ணுக்குத் தெரியாது, பொடி எழுத்து" என்றாள்.

ஜூலை 18, செவ்வாய்

எங்கள் பில் வந்தது. மேடம் அன்றைய வாடகைப்படி கணக்குப் போட்டு, என்னை எழுதச் சொல்லாமல் தானே எழுதியிருந்தார். ஆறுமுகநயினார் குடும்பத்தார் என்று மேலே. கொட்டகைப் பக்கம் வராமல் சுற்றி வந்து, எங்கள் அறையின் வாசலில் நின்று, "வடிவு" என்று கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். எங்களுக்கு வாசல் மணி இல்லை.

நாலாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். என்னைப் படிக்கச் சொன்னாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இவ்வளவுதானா மேடம்?"

"இவ்வளவுதான்."

"வேற ஒன்னும் இல்லையே?"

"வேற என்ன இருக்கு" என்றார் மேடம். அவர் போகும்போது அம்மா கையெழுத்துப் போட்ட படியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டே போனார்.

ஆறு தவணை. முதல் தவணையை அம்மா அப்போதே கொடுத்தாள். அரிசிப் பானையிலிருந்து எடுத்த நோட்டு என்பதால் தவிடு ஒட்டியிருந்தது. ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

ஜூலை 19, புதன்

நேற்று நோட்டைக் கொட்டகையில் வைக்க மறந்து தலைமாட்டிலேயே தூங்கிவிட்டேன்.

ஜூலை 23, ஞாயிறு

காலையில் அத்தை போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வடிவு, ஒரு எட்டு வாயேன். ஆடி மாசம், வீடெல்லாம் கழுவணும்."

"இன்னைக்கு முடியாது மைனி. பிள்ளைக்குத் தலைக்கு ஊத்தணும்."

"சாயங்காலம்?"

"சாயங்காலமும் முடியாது. புதன்கிழமை வாரேன். வீடு கழுவ ஐந்நூறு ரூவா ஆகும் மைனி. சரின்னா சொல்லுங்க."

"என்ன வடிவு, நமக்குள்ள இப்படிப் பேசுத?"

"நமக்குள்ளதான மைனி, அதான் கொறச்சுச் சொல்லுதேன்."

அத்தை, "சரி வா" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் சரி என்றாள்.

அம்மா என் தலையில் எண்ணெயை ஓங்கித் தட்டினாள். வலித்தது.

ஜூலை 28, வெள்ளி

நேற்று லாரி செட் வீட்டில் பதினாறு. இன்று பால்துரை அண்ணன் தானே வந்து முழுப் பணமும் கட்டிவிட்டார். புதிய பில் கேட்டு வாங்கி, அடியில் பார்த்தார். நான் ஸ்கேல் வைத்து அடித்திருந்தேன். "நேரா அடிச்சிருக்க" என்றார். எனக்கு ஒரு லட்டு.

ஜூலை 30, ஞாயிறு

இன்று தலைவர் வீட்டுப் பில்லைக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரமாக அவருடைய கணக்குத்தான் முடியாமல் இருந்தது. எத்தனை சேர் என்று அவரும் மேடமும் மூன்று தடவை பேசிவிட்டார்கள். அவர் பணம் கட்டினால்தான் தலைவராகத் தொடரலாம். கட்டிவிடுவார் என்று அம்மா சொல்கிறாள். "அவுக கெட்டவுக இல்லட்டி. அவுககிட்டயும் யாரும் எவ்வளவுன்னு சொன்னதில்ல."

மேடம், "நீ போகணும்னு இல்ல, நான் போறேன்" என்றார். நான் போகிறேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அம்மாவோடு அந்த வீட்டுக்கு நூறு தடவை போயிருப்பேன். கால் தானாகவே புறவாசலுக்குப் போகும் பக்கத்துச் சந்துக்குத் திரும்பியது. சந்துக்குள் நாலைந்து அடி போன பிறகுதான் கையில் இருக்கும் பில் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து முன் கேட்டைத் திறந்தேன். அந்தக் கேட் கிரீச்சிடும் என்பது இன்றுதான் தெரிந்தது. மணி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தூணில், மாவிலைத் தோரணத்துக்குக் கீழே. அழுத்தினால் குருவி மாதிரி கத்தியது.

தர்ஷினி கதவைத் திறந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"ஏட்டி முப்பிடாதி. நீ என்ன இங்க? கணக்கு நோட்டு வேணுமா?"

"இல்ல. சங்கத்துலேர்ந்து பில் குடுக்க வந்திருக்கேன். அப்பா கையெழுத்துப் போடணும்."

"இரு, கூப்பிடுதேன். ஏன் வெளிய நிக்க? உள்ள வா. எங்க வீட்டுக்கு நீ வந்ததே இல்லல்லா" என்றாள்.

நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.